இன்கமிங் இலவசம்

தமிழ்நாட்டு வீடுகளில் இப்போது இரண்டு விதமான மாதங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. சம்பளம், வாடகை, பால் கணக்கு, சீட்டுப் பணம் எல்லாம் நடக்கிற மாதம் ஒன்று. இன்னொன்று 28 நாள் மாதம். பின்னதற்குப் பஞ்சாங்கத்தில் இடமில்லை. சந்திரன் நட்சத்திரங்களை ஒரு சுற்று வர 27 நாளும் சில மணி நேரமும் ஆகிறது. அமாவாசைக்கு அமாவாசை என்றால் இருபத்தொன்பதரை நாள். 28 என்பது ரீசார்ஜ் கணக்கு. பன்னிரண்டு மாத வருஷத்துக்குள் பதின்மூன்று கட்டணத்தை உட்காரவைக்கிற சாமர்த்தியம். 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டு, முப்பது நாள் திட்டம் குறைந்தது ஒன்றையும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கிற திட்டம் குறைந்தது ஒன்றையும் ஒவ்வொரு நிறுவனமும் வைத்தாக வேண்டும் என்று உத்தரவிட்டது. வைத்திருக்கிறார்கள். கேட்டால் கிடைக்கும். கேட்காதவர்களுக்கு 28தான்.

புதுப் போன் வாங்குவதைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு ரீசார்ஜில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு போன் வாங்கி நான்கு வருஷம் ஓட்டினால் வருஷத்துக்கு மூவாயிரம். அதே போனில் நாளுக்கு ஒன்றரை ஜிபி தருகிற 299 ரூபாய்த் திட்டத்தை விடாமல் போட்டுவந்தால் வருஷத்துக்கு 3,887. நான்கு வருஷத்தில் 15,548. போனின் விலையைவிட அதில் போடுகிற காசு அதிகம். ஆனாலும் போனுக்காகத்தான் யூடியூபில் இரவெல்லாம் விமர்சனம் பார்க்கிறோம், மச்சானிடம் கேட்கிறோம், நான்கு கடை ஏறி இறங்குகிறோம், ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் காத்திருக்கிறோம். ரீசார்ஜை டீக்கடை வாசலில் நின்றபடி கட்டைவிரலால் முடித்துவிடுகிறோம். போன் நமக்குச் சொந்தம். அதில் மணி அடிப்பதற்குத்தான் வாடகை கட்டுகிறோம். வாடகையைப் பேரம் பேசாத சமூகம் நம்முடையது இல்லை. இதில் மட்டும் ஏனோ வாயை மூடிக்கொண்டோம்.

அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிற அத்தைக்குப் போன் வாங்கித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. பழைய போனில் டிஸ்ப்ளே போய்விட்டது. திரையும் டச்சும் சேர்ந்த காம்போவை மாற்றுகிற விலைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே வாங்கிவிடலாம் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். எந்தக் கடையிலும் அப்படித்தான் சொல்வார்கள். என்ன மாதிரி வேண்டும் அத்தை என்று கேட்டதற்கு, "எனக்கெதுக்குய்யா பெரிய போனெல்லாம், நீங்க கூப்பிட்டா மணி அடிக்கணும், அவ்வளவுதான்" என்றாள். இதைவிடத் தெளிவாகத் தன் தேவையைச் சொன்ன ஒரு வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை. இந்தத் தேவைக்கு இந்தியாவில் என்ன விலை என்று தேடப் போனால் முப்பது வருஷக் கதையாக விரிகிறது.

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவின் ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமைக் கூப்பிட்டார். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு அது. சென்னையில் ஸ்கைசெல்லும் ஆர்பிஜி செல்லுலாரும் வந்தன. நிமிஷத்துக்குப் பதினாறு ரூபாய் வரை கட்டணம். கூப்பிட்டவரோடு, எடுத்தவரும் காசு கட்ட வேண்டும். அன்று செல்போன் வைத்திருந்தவர்கள் எண்ணைப் பார்த்துவிட்டுத் துண்டிப்பார்கள். பிறகு எஸ்டிடி பூத்துக்குள் போய்த் திருப்பிக் கூப்பிடுவார்கள். நம் வீட்டுக் கதவைத் தட்டுகிறவனுக்காக நாமே காசு கொடுக்கிற இந்த ஏற்பாடு எட்டு வருஷம் நீடித்தது. 2003 மே 1 முதல் கூப்பிடுகிறவரே கட்டணத்தை ஏற்கும் முறை வந்தது. ஊரெல்லாம் கடைப் பலகைகளில் 'இன்கமிங் இலவசம்' ஏறியது. அதே ஆண்டு 501 ரூபாய் கட்டினால் போன் என்று ரிலையன்ஸ் கடைவிரித்தது. செல்போன் என்பது டாக்டர்களிடமிருந்தும் ரியல் எஸ்டேட்காரர்களிடமிருந்தும் இறங்கி, கொத்தனாரின் சட்டைப் பைக்கும் பூக்காரம்மாவின் சுருக்குப் பைக்கும் வந்தது.

இலவசமான அந்த இன்கமிங்கில் முளைத்ததுதான் மிஸ்டு கால். ஒரு ரிங் என்றால் பஸ் ஏறிவிட்டேன். இரண்டு ரிங் என்றால் இறங்கிவிட்டேன், வண்டியை எடுத்துக்கொண்டு வா. மூன்றாவது ரிங்கில் அவசரப்பட்டு எடுத்துவிட்டவன், ஒரு ரூபாய் நஷ்டத்துக்குக் காரணமாகி வீட்டில் பேச்சு வாங்கினான். யார் யாருக்கு மிஸ்டு கால் கொடுக்கலாம் என்பதற்குச் சட்டம் இருந்தது. மகள் அப்பாவுக்குக் கொடுக்கலாம்; அப்பா மருமகனுக்குக் கொடுக்கக் கூடாது. இல்லாதவன் கொடுத்தால் அது உரிமை, இருக்கிறவன் கொடுத்தால் கஞ்சத்தனம். காதலிப்பவர்கள் ராத்திரி முழுக்க மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டார்கள். அதில் பேச்சு ஒரு சொல்கூட இல்லை, பேச வேண்டியது எல்லாம் இருந்தது. நிறுவனத்தின் கம்பியையும் கோபுரத்தையும் பயன்படுத்தி, நிறுவனத்துக்குச் சல்லிக்காசு தராமல், இந்தியா முழுக்கக் கோடிக்கணக்கான பேர் ஒவ்வொரு நாளும் நடத்திய காரியம் அது. அளவில்லாத பேச்சு வந்ததும் மிஸ்டு கால் செத்தது. யாரும் அழவில்லை. நான் மட்டும் கொஞ்சம் வருந்துகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2005இன் கடைசியில் இன்னொரு வார்த்தை வந்தது: லைஃப்டைம். 999 ரூபாய் ஒரே தடவை கட்டினால் ஆயுள் முழுக்க இன்கமிங் வரும். யாருடைய ஆயுள் என்பதற்குச் சின்ன எழுத்தில் விளக்கம் இருந்தது, அந்த நிறுவனத்தின் உரிமம் உயிரோடு இருக்கும் வரை என்று. 2009இல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்றது. மற்றவர்களும் நொடிக் கணக்குக்கு இறங்கினார்கள். அந்த வருஷங்களில் ஏர்செல், ஏர்டெல், வோடபோன், ஐடியா, பிஎஸ்என்எல், ரிலையன்ஸ், டோகோமோ, யூனினார், எம்டிஎஸ் என்று பெட்டிக்கடைத் தகரக் கூரையில் பெயர் எழுத இடம் போதவில்லை. டபுள் சிம் போன் அந்தக் காலத்துக் குழந்தை. கூப்பிடுவதற்கு ஒன்று, வருகிற அழைப்பை எடுப்பதற்கு ஒன்று. இரவுக்கு ரேட் கட்டர், பகலுக்கு டாப் அப். மொபைல் கட்டணத்தை நாம் பேரம் பேசிய காலம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. 2017 மார்ச் வரை எல்லாம் இலவசம். ஒரு ஜிபிக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் நாளுக்கு ஒரு ஜிபியை என்ன செய்வது என்று தெரியாமல் திகைத்தார்கள். அந்த மழையில் பயிரும் விளைந்தது, கரையும் உடைந்தது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் சாய்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. மிஞ்சியவை மூன்று தனியார் நிறுவனங்களும் நம் அரசு நிறுவனமும்.

தகரக் கூரையில் இடம் காலியானதும் நடந்த முதல் காரியம் இன்கமிங்குக்கு மறுபடி விலை வைத்ததுதான். 2018 கடைசியில் ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும், 28 நாளுக்குக் குறைந்தது 35 ரூபாய் போடாவிட்டால் முதலில் அவுட்கோயிங் நிற்கும், அப்புறம் இன்கமிங்கும் நிற்கும் என்றன. லைஃப்டைம் கட்டியவர்களுக்கும் அதுதான். ஏர்டெல்லில் அந்தக் குறைந்தபட்சம் 2021இல் 79 ஆகி, அதே வருஷம் 99 ஆகி, அடுத்து 24 நாளுக்கு 155 ஆகி, 2024 ஜூலையில் 28 நாளுக்கு 199இல் வந்து நின்றது. 35 ரூபாய்க்கு இருபத்தாறு ரூபாய்ச் சொச்சம் டாக் டைம்தான் இருந்தது, 199க்கு அளவில்லாத பேச்சு இருக்கிறது, இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். பேசுகிறவருக்கு அந்த வாதம் சரி. மணி அடிப்பதைக் கேட்க மட்டும் விரும்புகிறவரிடம் அதைச் சொல்ல முடியாது.

நிறுவனங்களின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். டவருக்குக் கரண்ட் வேண்டும், ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும், அலைக்கற்றைக்கு அரசு ஏலம் விட்டுக் கறந்தது கொஞ்சம் அல்ல. ஒரு ஜிபி டேட்டா உலகத்திலேயே மலிவாகக் கிடைக்கிற நாடுகளில் நம்முடையது ஒன்று. ஆனால் டேட்டா மலிவு என்பதே விஷயத்தை மறைக்கிற திரையாகவும் இருக்கிறது. 2024 டிசம்பரில் டிராய் ஒரு நல்ல காரியம் செய்தது: டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டம் தர வேண்டும் என்று விதி போட்டது. 2025 ஜனவரியில் திட்டங்கள் வந்தன. அப்போது வந்த விலைகளைப் பார்த்தால் எல்லாம் விளங்கும். ஏர்டெல்லில் 84 நாளுக்கு 6 ஜிபியோடு 509 ரூபாயாக இருந்த திட்டம், டேட்டாவை எடுத்துவிட்ட பிறகு 469. ஜியோவில் 6 ஜிபியோடு 479, டேட்டா இல்லாமல் 448. அதாவது 6 ஜிபியின் விலை முப்பதோ நாற்பதோ. மீதி நானூற்றுச் சொச்சம் எதற்கு? நாம் இன்னும் பட்டியலில் இருக்கிறோம் என்பதற்கு. இத்தனை நாளாக ஜிபியைக் காட்டி விற்றது செல்லுபடியாகும் நாளை. வேலிடிட்டி என்று கடைக்காரர்கள் சொல்கிற அந்த ஒன்றுதான் சரக்கு. மற்றவை பொட்டலத்தின் மேல் கட்டிய நூல்.

சத்தமில்லாத விலையேற்றம் ஒன்றும் உண்டு. 2025 ஆகஸ்டில் ஜியோ, நாளுக்கு 1 ஜிபி தந்த 249 ரூபாய்த் திட்டத்தைத் தன் செயலியிலிருந்து எடுத்துவிட்டது. அப்போது கடைக்குப் போய்க் கேட்டால் கிடைத்தது. ஏர்டெல்லும் 249ஐக் கைவிட்டது. எந்தத் திட்டத்தின் விலையும் ஏறவில்லை. கீழ்ப்படி ஒன்று உருவப்பட்டது, அவ்வளவுதான். ஏற வேண்டியவர் காலை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்க வேண்டும்.

2023 செப்டம்பரில் தொடங்கியபோது மகளிர் உரிமைத்தொகை மாதம் ஆயிரம் ரூபாய். அது வங்கியில் விழுந்ததும் போனுக்கு ஒரு எஸ்எம்எஸ் வரும். அந்த எஸ்எம்எஸ் வருகிற நிலையில் போனை வைத்திருக்க, ஏர்டெல்லின் அந்த 199 ரூபாய்க் கணக்கில், ஆகிற செலவு அந்த ஆயிரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. இந்தக் கணக்கைச் சட்டமன்றத்தில் யாராவது கேட்டிருக்கலாம்.

சரி, அத்தைக்கு டேட்டா இல்லாத திட்டமே போதும் என்று தோன்றும். வயதானவர்கள் என்றாலே பேச்சு மட்டும் போதும் என்று முடிவு கட்டுவது நமக்கும் நிறுவனங்களுக்கும் பொதுவான பழக்கம். ஆனால் அத்தையின் மூத்த மகன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறான். அவன் வாட்ஸப்பில்தான் கூப்பிடுவான். சர்வதேச அழைப்பில் பேசினால் அவன் வாங்குகிற நாள்கூலிக்குக் கட்டாது. அத்தை சொன்ன அந்த மணி இரண்டு வழியாக அடிக்கிறது. ஒன்று டவரிலிருந்து குரலாக வருவது, இன்னொன்று டேட்டா வழியாக வருவது. 2003இல் இலவசமானது முதல் வழி மட்டும். இரண்டாவது வழிக்கு இன்கமிங் என்ற பெயரே கிடையாது. அதில் மகன் கூப்பிட்டாலும் தாயும் காசு கட்டுகிறாள், 1995இல் போல. டேட்டா நாலு எம்பி, பத்து எம்பி என்று உதிரியாகப் போவதால் அது காசாகத் தெரிவதில்லை.

இனி போனுக்கு வருகிறேன். கடைக் கண்ணாடிக்குள் பத்தாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் வரை ஒரு வரிசை. ஒவ்வொன்றின் மேலும் ஒட்டிய தாளில் அதே எண்கள்: 50 மெகாபிக்சல், 8+8 ஜிபி, 6000 எம்ஏஎச், 120 ஹெர்ட்ஸ், 5ஜி. நிறுவனத்தின் டீ ஷர்ட் போட்ட பையன்கள் அவரவர் நிறுவனத்தின் போனை நம் கையில் திணிக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் தருவது கடை அல்ல, அந்த நிறுவனம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், கோபம் வராது. 8+8இல் இரண்டாவது எட்டு ராமே இல்லை, ஸ்டோரேஜில் கொஞ்சத்தைக் கடன் வாங்கி ராம் என்று பெயர் வைத்தது. பின்பக்கம் மூன்று வட்டம் இருந்தால் அதில் ஒன்று பெரும்பாலும் 2 மெகாபிக்சல் அலங்காரம். கேமராவைப் பற்றி இவ்வளவு போதும். தாளில் எழுதாத இரண்டு சங்கதிகள்தான் முக்கியம்.

முதலாவது, மென்பொருள் எத்தனை வருஷத்துக்குப் புதுப்பிக்கப்படும் என்பது. கூகுள் 2023இல் பிக்சல் 8க்கும் சாம்சங் 2024இல் எஸ்24க்கும் ஏழு வருஷம் என்று அறிவித்தன. அவை எழுபதாயிரத்துக்கு மேல் விலையோடு வந்த போன்கள். மலிவுப் போன்களில் இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்பதே வழக்கம்; சாம்சங்கின் ஏ16க்கு ஆறு வருஷம் என்று சொன்னது அபூர்வம். அதற்குப் பின் போன் வேலை செய்யும், ஆனால் ஒருநாள் வங்கிச் செயலி இந்தப் பதிப்பில் நான் ஓட மாட்டேன் என்று சொல்லிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், விற்பனை நின்ற பிறகும் ஐந்து வருஷம் புதுப்பிப்புத் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதே நிறுவனங்கள்தான் இங்கும் விற்கின்றன. நம் ஊர்ச் சட்டம் கேட்காததை அவர்களாக ஏன் தரப்போகிறார்கள்?

இரண்டாவது, அலைவரிசை. எங்கள் ஊர்ப் பக்கம் சிக்னல் என்று யாரும் சொல்வதில்லை. டவர் எடுக்கிறதா, எடுக்கவில்லையா என்பதுதான் கேள்வி. ஒரே வீட்டில் திண்ணையில் ஒரு சிம்முக்கு டவர் எடுக்கும், அடுப்படியில் இன்னொன்றுக்கு. பிஎஸ்என்எல் உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் 4ஜியை 2025 செப்டம்பரில் முறைப்படி தொடங்கியது. அது 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் பயன்படுத்துகிறது. தாழ்ந்த அலைவரிசை சுவர் தாண்டி வரும், காடு கழனி தாண்டி வரும். போனில் அந்த பேண்ட் இல்லையென்றால் பக்கத்திலேயே கோபுரம் நின்றாலும் அந்த அலைவரிசையால் பயனில்லை. பழைய பட்டன் போனில் ஜியோ சிம் வேலை செய்யாது, ஜியோவுக்கு 2ஜியே கிடையாது. ஆக, போனை முடிவு செய்துவிட்டு சிம்மை யோசிப்பது தலைகீழ் வரிசை. முதலில் எந்தச் சிம் வீட்டுக்குள் எடுக்கிறது என்று பக்கத்து வீடுகளில் கேட்க வேண்டும். டிராய் சொல்லி நிறுவனங்கள் இப்போது தங்கள் டவர் எட்டும் எல்லையின் வரைபடங்களை வெளியிட்டிருக்கின்றன, அவற்றிலும் பார்க்கலாம். பக்கத்து வீட்டு அக்கா சொல்வது கூடுதல் துல்லியம்.

அமெரிக்காவில் 2007இல் முதல் ஐபோன் வந்தபோது, ஏடி அண்ட் டியிடம் இரண்டு வருஷ ஒப்பந்தம் போட்டவருக்குத்தான் கிடைத்தது. போனும் சிம்மும் ஒரே கயிற்றில். நாம் பெரும்பாலும் அந்தக் கயிற்றில் மாட்டவில்லை. பர்மா பஜாரில் வாங்கிய செட்டில் எந்தச் சிம்மும் ஓடியது. இன்று அந்தக் கயிறு வேறு ரூபத்தில் வருகிறது. 2023இல் 999 ரூபாய்க்கு ஜியோபாரத் என்று ஒரு பட்டன் போன் வந்தது. அதற்கு 28 நாளுக்கு 123 ரூபாய்த் திட்டம், அளவில்லாத பேச்சோடு. அதே திட்டம் வேறு போன்களுக்குக் கிடையாது. அந்தப் போனில் வேறு சிம் ஏறாது. மணி அடிப்பதற்குச் சந்தையில் இருக்கிற மலிவான வாடகைகளில் அதுவும் ஒன்று, அந்த வீட்டை விட்டு வெளியே வர மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால். சுதந்திரத்துக்கு இங்கே விலைப்பட்டியலே போட்டிருக்கிறார்கள்: 199இல் 123 போக மீதி.

கடையில் அத்தை போன்களைப் பார்த்த விதம் வேறு. தாளை அவள் படிக்கவில்லை. எடையைத் தூக்கிப் பார்த்தாள். "சத்தம் கொல்லை வரைக்கும் கேக்குமா?" என்றாள். கடைப் பையன் ரிங்டோனை ஓடவிட்டுக் காட்டினான், திருப்தி இல்லை. திரையைத் தொட்டாள், வேலை செய்யவில்லை. பருத்தி எடுத்தும் களை வெட்டியும் காய்த்துப்போன விரல். தொடுதிரை தோலின் ஈரத்தையும் அது மின்சாரத்தைக் கடத்துவதையும் நம்பி வேலை செய்வது. வறண்ட விரலை அது மனிதர் என்று ஏற்றுக்கொள்ளாது. ரேஷன் கடைக் கைரேகை மிஷினும் அவளை இப்படித்தான் பல தடவை திருப்பி அனுப்பியிருக்கிறது. மேலே டெம்பர் கிளாஸ் ஒட்டினால் இன்னும் மோசம். பக்கவாட்டில் இழுத்து அழைப்பை எடுப்பதும் அவளுக்கு வரவில்லை. இழுப்பதற்குள் மணி நின்றுவிடும். ஒரே தட்டில் எடுக்கும்படி மாற்றுகிற வசதி சில போன்களில் செட்டிங்ஸின் அடியில் கிடக்கிறது, அந்த டீ ஷர்ட் பையனுக்கே தெரியாத ஆழத்தில். கண்ணாடிக்குள் இருந்த அத்தனை போன்களிலும் அத்தையின் கேள்விகளுக்குப் பதில் எழுதிய தாள் ஒன்றும் இல்லை. இந்தப் பொருளை வடிவமைக்கிறவர்கள் மனதில் இருபத்தைந்து வயது, மெல்லிய விரல், நகரத்து வெளிச்சம்.

போதும் என்ற இடத்தில் நிற்பதுதான் மனிதர்கள் நிஜத்தில் தேர்ந்தெடுக்கிற முறை என்று பொருளாதார நோபல் பெற்ற ஹெர்பர்ட் சைமன் 1956லேயே எழுதினார். எல்லாவற்றையும் அளந்து சிறந்ததைக் கண்டுபிடிக்க நமக்கு நேரமும் இல்லை, தகவலும் இல்லை. அத்தை அதைத்தான் செய்தாள். மூன்றாவதாகத் தூக்கியதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது: கனம் குறைவு, சத்தம் பரவாயில்லை, விரலை ஏற்றுக்கொண்டது. புதுப்பிப்பு நான்கு வருஷம் உண்டு என்று நான் பார்த்துக்கொண்டேன். தவணையில் எடுத்துக்கலாம் சார், முன்பணமே வேண்டாம் என்றார் மேசையில் இருந்த ஃபைனான்ஸ்காரர். தவணை தவறினால் திரையையே பூட்டிவிடுகிற செயலிகள் இருக்கின்றன. மணி அடிக்க வேண்டும் என்பதற்காக வாங்குகிற பொருளில் அந்த விஷப் பரீட்சை வேண்டாம் என்று ரொக்கமாகக் கொடுத்துவிட்டேன்.

போன் பிறக்கிற ஊர்கள் நம்மிடமும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் ஆலை திறந்து 2014 நவம்பரில் மூடியது. இன்று அதே வட்டாரத்தில், சுங்குவார்சத்திரத்தில், ஃபாக்ஸ்கானின் ஆலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஐபோன் பாகங்களைப் பொருத்துகிறார்கள். அந்த ஐபோன்கள் கப்பலேறவும் விமானமேறவும்தான் பெரும்பாலும் பிறக்கின்றன. அத்தை வாங்கின பெட்டியின் பின்னால் உத்தரப் பிரதேச முகவரி.

எண்ணை மாற்ற அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. அவளுடையது 98420 என்று தொடங்கும். ஊர்க்காரர்களுக்கு அது தெரியும்: 94431 என்றால் பிஎஸ்என்எல், 98940 என்றால் ஏர்டெல், 98420 என்றால் ஏர்செல். ஏர்செல் செத்த அந்த 2018 பிப்ரவரியில் சிவகாசியிலும் மதுரையிலும் ஷோரூம் வாசலில் வரிசை நின்றது. எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற 1900க்குச் செய்தி அனுப்பி போர்ட் எண் வருமா வருமா என்று காத்திருந்த கூட்டத்தில் அத்தையின் இளைய மகனும் நின்றான். அன்று கரையேற்றிய எண் அது. நிறுவனம் போய்விட்டது, எண் இருக்கிறது. வங்கி, ஆதார், கேஸ் புக்கிங், ரேஷன் கார்டு எல்லாம் அந்தப் பத்து இலக்கத்தில் தொங்குகின்றன. ரீசார்ஜ் போடாமல் கைவிட்டால், தொடர்பு துண்டிக்கப்பட்டு 90 நாளுக்குப் பிறகு அது வேறொருவர் கைக்குப் போகலாம். 2023இல் உச்ச நீதிமன்றத்தில் டிராய் சொன்னதும் அதுதான். அப்புறம் அத்தையின் ஓடிபி யாரோ ஒரு பையனின் போனில் மணி அடிக்கும். பேசுவதற்கான கட்டணம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது அரசாங்கத்தின் கண்ணுக்கு நாம் தெரிந்துகொண்டிருப்பதற்கான கட்டணமாக எப்போதோ மாறிவிட்டது. ரேஷன் கார்டுக்கு மாத வாடகை கிடையாது. அதோடு இணைத்த எண்ணுக்கு உண்டு.

மலிவான திட்டம் எது என்பது எவ்வளவு மொத்தமாகக் கட்ட முடியும் என்பதைப் பொறுத்தது. 199ஐ 28ஆல் வகுத்தால் நாளுக்கு ஏழு ரூபாய் பத்துப் பைசா. 469 ரூபாய் 84 நாள் என்றால் ஐந்தரை. ஏர்டெல்லின் பேச்சு மட்டும் உள்ள 1,849 ரூபாய் வருஷத் திட்டத்தில் நாளுக்கு ஐந்து. கையில் காசு இருக்கிறவனுக்கு மணி மலிவாக அடிக்கும். அரிசியை மூட்டையாக வாங்குகிறவனுக்கும் கிலோவாக வாங்குகிறவளுக்கும் இருக்கிற பழைய வித்தியாசம்தான், புதிதாக ஒன்றும் இல்லை. இந்த முறை காசு என்னுடையது என்பதால் மூட்டையாக வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். கொஞ்சம் டேட்டாவும் சேர்த்து வருஷத்துக்கான திட்டம் ஒன்றைக் கடைப் பையன் எடுத்துக் காட்டினான்.

"அத்தை, ஒரு வருஷத்துக்கு மொத்தமாப் போட்டுட்டா மாசாமாசம் யாரையும் கேக்க வேணாம். காசும் மிச்சம்."

"ஒரு வருஷத்துக்கா?" அத்தை போனைக் கவுண்டரில் வைத்தாள். "அதுவரைக்கும் நான் இருக்கணும்லய்யா. அந்தக் கம்பெனிக்காரனாவது இருக்கணும். ரெண்டும் இல்லாம நீ யாருக்குக் காசு கட்டுற?"

பையன் சிரித்துவிட்டான். 84 நாளுக்கு, டேட்டாவோடு, போடச் சொன்னேன். அதுவே அதிகம் என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.